முதல் பவளத் தொட்டிக்கு எந்த மணல்? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

மண்டபம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்தில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது மீனைப் பற்றி அல்ல, மணலைப் பற்றித்தான். காரணம் எளிது: கதவைத் திறந்தால் மணல். அதனால் கடைக்காரன் சொல்லும் விலை எல்லோருக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு எதிரே கடல். ஒரு வாளி மணல் அள்ளிக்கொண்டால் என்ன அண்ணே?

அள்ளாதீர்கள் தம்பி. முதல் காரணம் சட்டம். ராமேஸ்வரம் தீவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. குருசடையோ முயல் தீவோ, அங்கிருந்து எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. சிப்பியும் சல்லியும் மணலும் அதில் அடக்கம். பூங்காவுக்கு வெளியே உள்ள கரைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. அவையும் மணல் எடுப்பதைத் தடுக்கின்றன.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். கரையில் ஒதுங்கிய வெள்ளைச் சல்லி செத்துப்போன பவளம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. உயிரோடு இருந்ததா இல்லையா என்று அங்கே பார்க்க மாட்டார்கள்.

இந்தக் கண்டிப்புக்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் தீவுகளைச் சுற்றிப் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கரை சேர்த்தார்கள். அலையைத் தாங்கிய பவளப் பார் போன பிறகு பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வரைபடத்தில் 21 என்று எண்ணுகிறோம். அந்த இரண்டின் மேல் இப்போது காலூன்ற முடியாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பேசினால், நம் கரை மணல் தொட்டிக்கு நல்லதா கெட்டதா?

தொட்டிக்கு அது ஏற்றதல்ல. தனுஷ்கோடிப் பக்கம் போய் ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போல் மின்னும் குவார்ட்ஸ் மணிகள்தான் அதிகம். நடுவே சிப்பித் துணுக்கு, அங்கங்கே கறுப்பும் சிவப்புமாகக் கனத்த தாது மணிகள். பெண்கடல் பக்கமான பாக் நீரிணைக் கரைக்குப் போனால் வண்டல் சேர்ந்துகொள்ளும். தொட்டியில் போட்டால் நாள் கணக்கில் தெளியாது. மன்னார் வளைகுடாவான ஆண்கடல் பக்கம் மணல் சுத்தமாகத் தெரியும். ஆனால் வள்ளங்களின் டீசல், அடிப்பலகைக்குப் பூசும் பெயிண்டில் உள்ள செம்பு, ஊர்ச் சாக்கடை, அழுகிய தாழை (கடற்புல்) என்று எது கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செம்பு மிகச் சிறிதளவு இருந்தாலே இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும்.

பவளப்பாறையை ஒட்டிக் கிடக்கும் வெள்ளை மணல் வேறு வகை. உடைந்த பவளமும் சிப்பியும் ஹாலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்த மணல் அது. கிளி மீன் பாறையைக் கொரித்துக் கழித்துப் போடுவதும் அதில் கணிசம். கடையில் பாக்கெட்டில் வருவதும் ஏறக்குறைய அந்த வகைதான், அதாவது கால்சியம் கார்பனேட்.

கையில் இருக்கும் மணல் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

காய்ந்த மணல் ஒரு தேக்கரண்டி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நன்றாக நுரைத்தால் சுண்ணாம்பு வகை. சும்மா கிடந்தால் குவார்ட்ஸ். லேசாகக் குமிழ் விட்டு நின்றுவிட்டால் இரண்டும் கலந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளில் மணலைப் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் கூடவே ஓடினால் அந்த மணல் தொட்டிக்கு ஆகாது. கண்ணாடி துடைக்கும் காந்தப் பிரஷ்ஷில் அவை ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறிவிடும்.

அரகோனைட் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அது என்ன?

கால்சியம் கார்பனேட் படிகமாகும் ஒரு வடிவம். பவளத்தின் எலும்புக்கூடு இதே பொருள்தான். சலவைக்கல்லில் இருப்பது கால்சைட் என்ற இன்னொரு வடிவம். அதைவிட அரகோனைட் கொஞ்சம் எளிதாகக் கரையும்.

அப்படியானால் அந்த மணலே பி.எச்.சையும் கால்சியத்தையும் பார்த்துக்கொள்ளுமா?

பாக்கெட்டின் மேல் அப்படித்தான் எழுதியிருக்கும். நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆரோக்கியமான தொட்டியில் பி.எச். 8-க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் அரகோனைட் கரையவே கரையாது என்று சொல்லலாம். மணலின் அடியில், பாக்டீரியா வேலை செய்து பி.எச். இறங்கும் இடத்தில் மட்டும் சிறிது கரையும். வளரும் பவளத்தின் பசிக்கு அது போதாது. கால்சியத்தை 400 முதல் 450 பி.பி.எம். வரையிலும் காரத்தன்மையை 8, 9 டி.கே.எச். அளவிலும் வைத்திருப்பது வாராந்திரத் தண்ணீர் மாற்றமும், பிறகு பவளம் பெருகினால் நீங்கள் சேர்க்கும் கரைசலும்தான். மணல் அந்தக் கணக்கில் வராது.

பிறகு எதற்கு அரகோனைட்டுக்கு அதிக விலை கொடுக்க வேண்டும்? சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி வரும் என்கிறார்களே?

பழுப்புப் பாசி எந்த மணல் போட்டாலும் வரும். அது டயட்டம், புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டுத் தானே போகும். சிலிக்கா மணல் என்பது குவார்ட்ஸ்தான்; அது நீரில் கரைவது மிக மிகக் குறைவு, டயட்டத்துக்குத் தீனி போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. டயட்டத்தின் தீனியான சிலிக்கேட் பெரும்பாலும் நீங்கள் ஊற்றும் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. நம் மாவட்டத்து போர் தண்ணீரை வைத்துக்கொண்டு மணலைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆகவே நீச்சல்குள வடிகட்டிக்குப் பயன்படும், நன்றாகக் கழுவிய சிலிக்கா மணல் விஷமல்ல. பணம் இடித்தால் அதைப் போட்டும் தொட்டி நடத்தலாம். நான் ஆனாலும் அரகோனைட் பக்கம்தான். மணிகள் உருண்டையாக இருப்பதால் மணலில் புதையும் மீனின் வயிற்றைக் கீறாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் தொட்டி பளிச்சென்று இருக்கும்.

எந்த அளவு மணி வாங்குவது? கடையில் நாலைந்து ரகம் காட்டுகிறார்கள்.

முழுப் பக்கத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். நிறம், பிராண்டு, வெளிநாட்டுப் படம் எல்லாம் பிறகு. என்ன உயிர் வளர்க்கப் போகிறீர்கள், எவ்வளவு நீரோட்டம் வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மணியின் அளவு அதிலிருந்து வரும்.

அரை மில்லிமீட்டருக்கும் கீழான மாவு மணல் பார்க்க அழகு. அழுக்கு உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், உறிஞ்சி எடுப்பது சுலபம். இரவில் மணலுக்குள் படுத்துத் தூங்கும் ஹாலிகோரஸ் வகை மீன்களுக்கும் பிடித்தமானது. ஆனால் அலை மோட்டாரைக் கொஞ்சம் திருப்பினாலே ஒரு மூலையில் மேடு, இன்னொரு மூலையில் வெறும் கண்ணாடி. பவளத்தின் மேல் தூவிக்கொண்டே இருக்கும். கிளைப் பவளத்துக்கான பலத்த நீரோட்டத்தில் இந்த மணலை வைத்துக் காலம் தள்ள முடியாது.

எதிர்க்கோடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ள பவளச் சல்லி. எந்த ஓட்டத்துக்கும் அசையாது. ஆனால் மணிகளுக்கு இடையில் உள்ள சந்துகளில் மீன் எச்சமும் மிச்சத் தீனியும் இறங்கி அழுகும், நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். வாரந்தோறும் குழாய் விட்டு உறிஞ்சும் ஒழுக்கம் இருந்தால் சமாளிக்கலாம். முதல் வருடத்தில் அந்த ஒழுக்கம் யாருக்கும் நிலைத்து நிற்பதில்லை என்பது என் எண்ணம்.

நடுவில் உள்ளது 1 முதல் 2 மில்லிமீட்டர். கடுகு அளவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டிக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். மிதமான ஓட்டத்தில் நகராது, அழுக்கும் ஆழமாக இறங்காது. சோவாந்தஸ், காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களோடும் ஒரு ஜோடி கோமாளி மீனோடும் தொடங்குகிறவருக்கு இது போதும். அந்த மென்பவளங்கள் முதல் அட்டவணையில் வராதவை; அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன். கோமாளி மீனுக்குக் கடலைக் கலக்க வேண்டாம். தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரே செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள்.

மணலில் தூங்கும் மீன் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் நடு ரகத்தோடு கால் பங்கு மெல்லிய மணல் கலக்கலாம். நாளடைவில் சிறியது அடிக்குப் போகும், பெரியது மேலே நிற்கும். அது குறையல்ல.

எவ்வளவு ஆழம்?

3 முதல் 4 செ.மீ. புதைகிற மீன் இருந்தால் 5.

பத்து, பதினைந்து செ.மீ. ஆழ மணல் படுக்கை என்று ஒரு முறை உண்டு. அதன் அடியில் ஆக்சிஜன் போகாது. அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை வெளியே விடும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதே ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உருவாகலாம். அழுகிய முட்டை வாடையும் கறுப்புத் திட்டும் அதன் அடையாளம். யாராவது கிளறிவிட்டால் மீன் செத்துப்போகும். கூடவே சித்திரை வெயிலையும் நினையுங்கள். தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போகும். ஆழப் படுக்கையில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனுக்குத்தான் போட்டி போடும். வெப்பத்தால் நம் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே அப்படி என்றால், நூறு லிட்டர் தொட்டிக்கு இந்தச் சோதனை முதல் வருடத்தில் வேண்டாம்.

எத்தனை கிலோ வாங்குவது?

நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் செ.மீ.-ல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். காய்ந்த அரகோனைட் ஒரு லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ. 60க்கு 45 அடித்தளம் உள்ள தொட்டியில் 3 செ.மீ. போட 8 லிட்டர், அதாவது 12 கிலோ. 90க்கு 45-ல் 4 செ.மீ. என்றால் 16 லிட்டர், 24 கிலோ. பாறை உட்காரும் இடத்தில் மணல் தேவையில்லை என்பதால் ஓரிரண்டு கிலோ மிஞ்சும். அதை உலர்த்தி வையுங்கள், பிறகு உறிஞ்சும்போது போகும் மணலை ஈடுகட்ட உதவும்.

உயிர் மணல், காய்ந்த மணல் — எதை வாங்க?

உயிர் மணல் என்பது ஈரத்தோடும் பாக்டீரியாவோடும் பாக்கெட்டில் அடைத்து வருவது. தொட்டி பக்குவமாவதைச் சில நாள் முன்னே தள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாக்கெட் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் வெயிலில் கிடந்து பரமக்குடி தாண்டி வந்து சேரும்போது உள்ளே எத்தனை உயிர் மிச்சம் இருக்கும்? பிரித்ததும் நாறினால் போட வேண்டாம். ஈரத்தின் எடைக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்த மணல் போதும். கூட ஒரு பாட்டில் பாக்டீரியா, அல்லது நன்றாக ஓடும் நண்பர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல். நண்பர் தொட்டியில் சமீபத்தில் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்திருந்தால் அந்தக் கைப்பிடியும் வேண்டாம். நோயின் முட்டைக்கூடு மணலில் ஒட்டிக்கொண்டு வரும். எப்படித் தொடங்கினாலும் மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று மனதைத் தயார் செய்யுங்கள்.

எப்படிக் கழுவுவது? நம் ஊரில் தண்ணீரே காசு.

காய்ந்த மணலைக் கழுவாமல் போட்டால் தொட்டி பால் நிறமாகும். ஒரு வாளியில் மூன்று, நான்கு கிலோ மட்டும் எடுத்து, கையால் கலக்கிக் கலக்கிக் கலங்கல் நீரைச் சாய்க்க வேண்டும். கரையோரம் இருப்பவர்கள் முதல் சில கழுவலுக்குத் தெளிந்த கடல்நீரே எடுத்துக்கொள்ளலாம். வாடைக் காற்று வீசும்போது வடகடல் (பாக் நீரிணை) கலங்கிக் கிடக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும். எந்தப் பக்கம் தெளிவோ அந்தப் பக்கம் போங்கள். கடைசிக் கழுவல் மட்டும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில். காவிரி கூட்டுக் குடிநீர் கிடைக்கும் நாளில் அதை மணல் கழுவ ஊற்றினால் வீட்டில் கிடைக்கும் ஏச்சுக்கு நான் பொறுப்பல்ல.

உயிர் மணலைக் கழுவக் கூடாது. கழுவினால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா சாக்கடைக்குப் போகும்.

முதலில் பாறையா, மணலா?

பாறை. கண்ணாடியின் மேல் நேராக, அசையாமல் உட்கார வேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், துப்பாக்கி இறாலோ புதையும் கோபி மீனோ அடியைத் தோண்டி ஒரு நாள் சரித்துவிடும். கண்ணாடி விரிசல் விட்டால் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். பாறை நின்றதும் சுற்றிலும் மணலைப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்ல நீர் ஊற்றுங்கள். ஓரிரு நாள் மங்கலாக இருப்பது இயல்பு.

ஆற்று மணல், எம்-சாண்ட், கோழிக்குப் போடும் சிப்பித்தூள்?

ஆற்று மணலில் களிமண் போகவே போகாது. எம்-சாண்ட் உடைத்த கருங்கல். முனைகள் கூர், தூசி அதிகம். இரண்டையும் கொத்தனாருக்கு விட்டுவிடுங்கள். சிப்பித்தூள் சுண்ணாம்பு வகைதான். ஆனால் தட்டைத் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டிய சதையும் இருக்கும். கறுப்பு மணல் கேட்பவர்கள் மேலே சொன்ன காந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

மணலே போடாமல் விட்டால்?

தாராளமாக விடலாம். வெளிநாடுகளில் கிளைப் பவளம் மட்டும் வளர்க்கும் பலர் வெறும் கண்ணாடியோடுதான் நடத்துகிறார்கள். சுத்தம் செய்வது எளிது, ஓட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். பாக்டீரியா தங்கப் பாறை இருக்கிறது. எனக்கு அது ஆஸ்பத்திரி அறை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான் என் ஆட்சேபம்.

மணல் மேல் பழுப்பு போய் இப்போது சிவப்பாக வழவழவென்று படலம். மணலை மாற்றவா?

மாற்ற வேண்டாம். அது சயனோ பாக்டீரியா. ஓட்டம் குறைந்த மூலையில், தீனி மிஞ்சும் இடத்தில் வரும். சிறு குழாயால் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுங்கள், மோட்டாரை அந்தப் பக்கம் திருப்புங்கள், தீனியைக் குறையுங்கள். இருட்டாக்குவது, மருந்து ஊற்றுவது எல்லாம் கடைசி வழி.

மணலைச் சுத்தம் செய்ய என்ன உயிர் விடலாம்? கடல் அட்டை நல்லது என்று வீடியோவில் பார்த்தேன்.

வெளிநாட்டு வீடியோ பார்த்திருப்பீர்கள். இங்கே கடல் அட்டை 2001 முதல் தடை செய்யப்பட்ட உயிரினம். பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். மண்டபம், வேதாளைப் பக்கம் மூட்டையோடு பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருவதுதானே. கடல் குதிரையும் விசிறிப் பவளமும் அப்படியே. தெரிந்த வலைக்காரர் அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நசாரியஸ் நத்தை போதும். மணலுக்குள் புதைந்திருந்து தீனி வாடை பட்டதும் மேலே வரும். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. மணல் சலிக்கும் கோபி மீனும் மணல் நட்சத்திரமும் புதுத் தொட்டியில் சில மாதத்தில் மணலில் உள்ளதைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியால் சாகும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

எங்கே வாங்குவது?

மதுரையில் பெரிய மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ரகம் பார்த்து எடுக்கச் சென்னை கொளத்தூர். ‘கோரல் சாண்ட்’ என்று சாக்கில் தளர்வாக விற்பதை, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். அது நம் கரையிலிருந்தே போனதாகவும் இருக்கலாம். சீல் வைத்த பாக்கெட், மணி அளவு அச்சிட்டது, பில்லோடு. பில்லைத் தொட்டி இருக்கும்வரை பத்திரமாக வையுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும்?

மொத்தமாக மாற்றும் அவசியம் பெரும்பாலும் வராது. தண்ணீர் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் தரையில் மூன்றில் ஒரு பகுதியின் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சுங்கள். அடுத்த முறை அடுத்த பகுதி. வருடக்கணக்கில் தொடாத மணலை ஒரே நாளில் கிளறுவதுதான் ஆபத்து. வீடு மாற்றும்போது பழைய மணலை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டாதீர்கள். உப்புநீரில் தெளியும்வரை அலசிப் போடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள். கழித்த மணலைக் கடலில் கொட்டவும் வேண்டாம். தொட்டியில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது வளைகுடாவுக்குப் போகக்கூடாது. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.